கந்தலுக்குள் எத்தனை நீளம்?

திண்டுக்கல் கடைவீதியில் ஜாக்கெட் துணி வாங்கும்போது கடைக்காரரின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மீட்டர் கோலால் அளப்பார். கத்தரி நுனியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து ‘சர்ர்ர்’ என்று கிழித்துவிடுவார். ஓரம் கொஞ்சமும் கோணாது.

அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் கிழிக்கப் பார்த்தால் பயில்வானுக்கும் மூச்சு வாங்கும். வெட்டு விழுந்த பிறகு உங்கள் கையாலேயே கிழித்துவிடலாம். துணி அதேதான், நூலும் அதேதான். என்ன மாறியது?

வெட்டில்லாத துணியை இழுக்கும்போது நூற்றுக்கணக்கான நூல்கள் சேர்ந்து உங்கள் பலத்தைத் தாங்குகின்றன. வெட்டு விழுந்ததும் இழுப்பு முழுவதும் வெட்டின் முனையில் நிற்கும் நூலின் மேல் வந்து விழுகிறது. அது அறுந்ததும் அடுத்த நூலின் முறை. அது போனால் அதற்கடுத்தது. வரிசையாக ஒவ்வொன்றும் தனியாக மாட்டிக்கொள்கிறது. கிழிசலுக்குக் குறுக்கே நிற்கும் நூல்கள் இப்படி அறுந்துகொண்டே போக, கிழிசலோடு சேர்ந்து ஓடும் நூல் ஒன்று பாதை காட்டுகிறது. அதனால்தான் கிழிசல் நேராக ஓடுகிறது. பழைய துணி ஒன்றை மூலைவாட்டில் கிழித்துப் பாருங்கள். துணி இழுபடும், சுருங்கும், கடைசியில் தன் இஷ்டத்துக்கு நெடுக்காகவோ குறுக்காகவோ திரும்பிவிடும்.

அந்த ‘சர்ர்ர்’ சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சென்டிமீட்டரில் 25 நூல் இருக்கும் துணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் 40 சென்டிமீட்டர் கிழித்தால் 25 × 40 = 1000 நூல்கள் அறுகின்றன. ஒவ்வொன்றும் அறும்போது ஒரு சின்ன ‘டிக்’. விநாடிக்கு ஆயிரம் ‘டிக்’ வந்தால் காதால் பிரித்துக் கேட்க முடியாது, ஒரே சத்தமாகத்தான் கேட்கும். மெதுவாகக் கிழித்தால் சத்தம் தடிக்கும், வேகமாகக் கிழித்தால் கூர்மையாகும். சந்தேகம் இருந்தால் அம்மாவிடம் கேட்டு ஒரு பழைய வேட்டித் துண்டை வாங்கிச் செய்து பாருங்கள். பனியனில் இந்த வித்தை நடக்காது. பனியன் நெய்த துணி இல்லை, பின்னிய துணி. நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டிருப்பதால் கிழிசல் நேராக ஓடாது. இந்தப் பனியன் விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அறுந்த நூலைக் கையில் எடுங்கள். அதை முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினால் பிரிந்து பஞ்சாகிவிடும். உள்ளே இருப்பவை பருத்தி நார்கள். சட்டைத் துணிக்குப் போகும் 40-ஆம் நம்பர் நூலில், எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 90 முதல் 100 நார்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்த நூலில் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், எடுத்து நீட்டினால் 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். திண்டுக்கல்லில் ஒரு முனையைக் கட்டிவிட்டு ஒட்டன்சத்திரம் நோக்கி நடந்தால் கிட்டத்தட்ட ஊரை நெருங்கிவிடலாம்.

அத்தனை நீள நூலில் இருக்கும் ஒவ்வொரு நாரும் எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 28 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரலின் பாதி. யாரும் பசை போட்டு ஒட்டவில்லை, முடிச்சும் போடவில்லை. முறுக்குதான் பிடித்து வைத்திருக்கிறது. முறுக்கிய நூலை இழுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று நெருக்கி அழுத்துகின்றன. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும்.

சாமி விளக்குக்கு வைத்திருக்கும் பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதே அளவு பஞ்சை நன்றாக முறுக்கிவிட்டு இழுங்கள். விரல்தான் வலிக்கும்.

ஆனால் முறுக்கு பிடிக்க வேண்டுமென்றால் நாருக்கு நீளம் வேண்டும். குட்டை நார் பக்கத்து நாரோடு கொஞ்ச தூரமே உரசும், சீக்கிரம் நழுவிவிடும். பருத்தியைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது இந்த நீளத்தைத்தான். நம் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணிப் பருத்தி குட்டை நார் இனம். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட ‘சுவின்’ இனத்தின் நார் 38 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதில் மிக மெல்லிய நூல் நூற்கலாம்.

பருத்தி நார் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதையின் தோலில் இருக்கும் ஒரு செல் நீளத் தொடங்கி, தன் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வளர்ந்துவிடுகிறது. காய் வெடித்ததும் உள்ளிருக்கும் ஈரம் காய, குழாயாக இருந்த செல் தட்டையாகி, தானாகவே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்கு இருப்பதால்தான் ஒரு நார் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

இன்னும் உள்ளே போனாலும் நீளத்தின் கதைதான். நார் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கை கோத்து நிற்கும் சங்கிலி. பருத்தியில் ஒரு சங்கிலியில் பல ஆயிரம் குளுக்கோஸ்கள் இருக்கும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சின்னாளபட்டி சேலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே சுங்குடியோடு ‘செயற்கைப் பட்டு’ச் சேலையும் நெய்தார்கள். அந்த நூல் ரேயான். மரக்கூழைக் கரைத்து இழுத்த அதே செல்லுலோஸ்தான். ஆனால் கரைக்கும்போது சங்கிலிகள் உடைந்து, சில நூறு குளுக்கோஸ் நீளத்துக்குக் குறைந்துவிடுகின்றன. அதனால் ரேயான் நனைந்தால் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். பருத்தி நனைந்தால் வலுக் கூடும். ஈரத் துணியை வண்ணான் துறையில் ஓங்கி அடிக்க முடிந்தது பருத்தி என்பதால்தான்.

வெயிலும் வெளுப்பும் சோப்பும் வருஷக் கணக்கில் இந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக உடைக்கின்றன. நார்களின் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் தேய்ந்து உதிர்கின்றன. புதுத் துணியில் இருந்த கஞ்சியும் மெழுகும் போய்விடுகின்றன. இதைத்தான் ‘துணி நைந்துவிட்டது’ என்கிறோம். பாட்டியின் பழைய சேலை தொட்டில் கட்ட அத்தனை மெத்தென்று இருப்பது இதனால்தான். நைந்த வேட்டித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய துணியில் விட்டால் சொட்டு உருண்டையாகக் கொஞ்ச நேரம் நிற்கும்.

சரி, துணி கந்தலாகிவிட்டது. அப்புறம்?

நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம் பாருங்கள்: கந்தல், கிழிசல், பீத்தல், ஒட்டுத்துணி, கரித்துணி. கிழிசல் என்றால் துணிக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. கரித்துணி என்றால் அடுப்படியில் அது பார்க்கும் வேலையைச் சொல்கிறது. ஐரோப்பியர்களிடமும் இப்படி ஒரு மூட்டை வார்த்தைகள் உண்டு. ஆங்கிலத்தில் ‘ராக்’, ஜெர்மனில் ‘லும்பன்’, ஸ்பானிஷில் ‘த்ராப்போ’, இத்தாலியனில் ‘சென்ச்சோ’, பிரெஞ்சில் ‘ஷிஃபோன்’. கடைசி வார்த்தையை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? ஆமாம், ஷிபான் சேலையின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. பாரிஸ் தெருக்களில் ‘ஷிஃபோனியே’ என்றால் கந்தல் பொறுக்குகிறவர்.

எனக்கு மிகவும் பிடித்தவை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதி வார்த்தைகள். அங்கே பேட்லி என்ற ஊரில் 1813-ஆம் ஆண்டு வாக்கில் பெஞ்சமின் லா என்பவர், கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூலாக்கினார். பின்னிய மெத்தென்ற துணியைக் கிழித்து எடுத்த நாருக்கு ‘ஷாடி’ என்று பெயர். நெருக்கமாக நெய்து இறுக்கிய துணியைக் கிழித்து எடுத்த நாருக்கு ‘மங்கோ’ என்று பெயர். எதற்கு இரண்டு பெயர்? பின்னிய துணியில் நூல் தளர்வாக இருப்பதால் கிழிக்கும்போது நார் அதிகம் உடையாமல் நீளமாக வரும். இறுக்கமான துணி எளிதில் விட்டுக்கொடுக்காது, நார் துண்டு துண்டாகத்தான் வரும். ஷாடி நீளம், மங்கோ குட்டை. இரண்டுக்கும் விலை வேறு, உபயோகம் வேறு. கந்தல் வியாபாரிகள் நாரின் நீளத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள்!

பனியனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இதே காரணத்தால்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளுக்கு நல்ல கிராக்கி. அவை பின்னல் துணி, பெரும்பாலும் பருத்தி, யாரும் உடுத்தித் தேயாதவை. முதலில் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். சிவப்பு தனி, நீலம் தனி, வெள்ளை தனி. இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் கையாலேயே செய்கிறார்கள். வெறும் தொடுகையில் பருத்தி எது, கலப்பு எது என்று சொல்லிவிடுவார்கள். இத்தாலியில் ப்ராட்டோ என்ற ஊரிலும் பழைய கம்பளியைக் கையால் தடவியே தரம் பிரிக்கும் ‘சென்ச்சயோலி’ என்ற தொழிலாளர்கள் புகழ்பெற்றவர்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பெரிய அறிவு அது. அதை நாம் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

பிரித்த துண்டுகள் முள் பதித்த உருளைகளுக்கு நடுவே போய்ப் பஞ்சாக வெளியே வருகின்றன. இங்கேதான் சிக்கல். முள் கிழித்த கிழியில் 28 மில்லிமீட்டர் நார் பாதியாகவும் அதற்கும் குறைவாகவும் உடைந்திருக்கும். வேடசந்தூர்ப் பக்கம் நிறைய நூற்பாலைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலேயே யாராவது அங்கே வேலை பார்க்கலாம், கேட்டுப் பாருங்கள். வழக்கமான ஸ்பின்னிங் மிஷினில் பஞ்சை உருளைகள் பிடித்து நீட்டித்தான் மெல்லியதாக்கும். ஒரு ஜோடி உருளை விட்ட நாரை அடுத்த ஜோடி பிடிக்க வேண்டும். நார் குட்டையாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் யார் பிடியிலும் இல்லாமல் மிதக்கும், நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும்.

இதற்கு வேறு வழி கண்டவர்கள் அன்றைய செக்கோஸ்லோவாகியா நாட்டுப் பொறியாளர்கள். 1967-இல் ‘பிடி 200’ என்ற மிஷினை வெளியே கொண்டுவந்தார்கள். அதில் நார்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றில் பறக்கவிட்டு, சுழலும் கிண்ணம் ஒன்றுக்குள் அனுப்புவார்கள். கிண்ணம் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும். இப்போதைய மிஷின்களில் லட்சத்தையும் தாண்டுகிறது. ராட்டினத்தில் சுற்றும்போது நம்மை வெளிப்பக்கம் தள்ளுவதுபோல, கிண்ணம் நார்களைத் தன் சுவரோரப் பள்ளத்தில் தள்ளி அடுக்குகிறது. அங்கிருந்து நூலின் வால் நார்களைச் சேர்த்துக்கொண்டே முறுக்கேறி வெளியே வருகிறது. உருளைப் பிடிக்கு அவசியம் குறைவதால் குட்டை நாரும் நூலாகிவிடும். இதுதான் ‘ஓபன் எண்ட்’ நூற்பு. கோவை, திருப்பூர், கரூர் பக்கங்களில் ‘ஓ.இ. மில்’ என்று பலகையில் பார்த்தால் இதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். தடித்த நூல்தான் வரும். லுங்கி, போர்வை, தரை துடைக்கும் மாப், அடுப்படித் துண்டு எல்லாம் அதில் ஆகும்.

நிறம் பிரித்ததன் பலன் இப்போது தெரியும். நீலத் துண்டுகளிலிருந்து நீல நூலே வருகிறது. மறுபடி சாயம் போட வேண்டாம். சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று பெரியவர்களிடம் கேட்டால் இதன் அருமை புரியும்.

நூலாவதற்கும் நீளம் போதாத நாருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது: காகிதம். காகிதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் நாரே போதும். அங்கே முறுக்கு வேண்டாம். நாரைத் தண்ணீரில் போட்டு அடித்து அடித்து அதன் தோலை உரித்துவிட்டால், காயும்போது ஒரு நாரின் செல்லுலோஸ் பக்கத்து நாரின் செல்லுலோஸைப் பற்றிக்கொள்ளும். கி.பி. 105-இல் சீனாவில் சாய் லுன் காகிதம் செய்தபோதே மரப்பட்டையோடும் பழைய மீன்வலையோடும் கந்தலைச் சேர்த்தார். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் காகிதம் என்றாலே கந்தல்தான். தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தாரே, அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தாள் எல்லாம் யாரோ உடுத்திக் கழித்த லினன் துணியிலிருந்து பிறந்தது. அங்கே தாள் பற்றாக்குறையால் அச்செழுத்துகளைச் சிறிதாக வார்க்க வேண்டி வந்தது.

புத்தகமும் செய்தித்தாளும் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. பல அரசுகள் கந்தலை நாட்டைவிட்டு வெளியே போக விடவில்லை. 1719-இல் ரெய்மூர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் குளவி கூடு கட்டுவதைப் பார்த்து, ‘இது மரத்தைச் சுரண்டி மென்று காகிதம் செய்கிறதே, நாம் ஏன் செய்யக் கூடாது?’ என்று கேட்டார். மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியை ஜெர்மனியின் கெல்லர் கண்டுபிடிக்க 1840-கள் வரை ஆனது. இன்றைக்கு உங்கள் நோட்டுப் புத்தகம் மரக்கூழ் அல்லது கரும்புச் சக்கை. ஆனால் புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறையில் இன்னமும் பருத்தித் துணித் துண்டுகளைத்தான் கூழாக்குகிறார்கள்.

அப்பா சட்டைப் பையில் மறந்து வைத்த பத்து ரூபாய் நோட்டு துவைத்த பிறகும் முழுசாக வெளியே வந்திருக்குமே! செய்தித்தாள் அப்படி வருமா? இந்திய ரூபாய் நோட்டின் தாள் நூற்றுக்கு நூறு பருத்தி. நூற்பாலையில் ‘கோம்பர்’ என்ற மிஷின் பஞ்சைச் சீப்பு போட்டு வாரி, குட்டை நாரை எல்லாம் கழித்துத் தள்ளும். மென்மையான நூல் வேண்டுமானால் நூறு கிலோவுக்குப் பதினைந்து கிலோ வரைக்கும்கூட இப்படிக் கழியும். நூலுக்கு ஆகாத அந்தக் ‘கோம்பர் வேஸ்ட்’ பணத்தாளுக்கு அருமையான சரக்கு. மரக்கூழ் நாரைவிட நீளம், எத்தனை முறை மடித்தாலும் சட்டென்று முறியாது.

அமெரிக்க டாலர் தாள் முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன். அதற்கு ஜீன்ஸ் வெட்டுத் துண்டுகளைத்தான் முன்பு வாங்கினார்கள். 1990-களில் ஜீன்ஸ் துணியில் இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் நூல் கலக்கத் தொடங்கியதும் அந்தத் துண்டுகள் தாளுக்கு உதவாமல் போயின. கொஞ்சம் ரப்பர் போன்ற இழை கலந்தாலும் தாள் கெட்டுவிடும். கலப்புத் துணியின் பெரிய கஷ்டம் இதுதான். பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலில் முறுக்கிக் கிடந்தால் அவற்றைப் பிரிப்பது இன்றைக்கும் பெரும்பாடு. நத்தம் பக்கம் சட்டை தைக்கும் கூடங்களில் விழும் வெட்டுத் துண்டுகளில் எத்தனையோ இப்படிப்பட்ட கலப்புதான். இதற்கு மலிவாக ஒரு வழி கண்டுபிடிக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. உங்களில் யாராவது செய்யலாம்.

காகிதமாகியும் மறுபடி கூழாகியும் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். கடைசியில் எதற்கும் ஆகாத தூசாகிவிட்டால் மண்ணில் இருக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வரும். அவை சுரக்கும் செல்லுலேஸ் என்ற நொதி, சங்கிலியை அறுத்து அறுத்துக் கடைசிக் குளுக்கோஸ் வரை கொண்டுவந்துவிடும். அதுதான் அவற்றின் சாப்பாடு. பாலியெஸ்டர் சங்கிலியை அந்த நொதியால் தொட முடியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விவசாயிகள் வயலின் உயிர்ப்பைச் சோதிக்கப் புது வெள்ளைப் பருத்தி ஜட்டியைப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சினால் மண் நல்ல மண்! நாமும் செய்யலாம். ஜட்டி வேண்டாம், உள்ளங்கை அளவில் நான்கு துண்டுகள் போதும்: இரண்டு சுத்தமான பருத்தி, இரண்டு பாலியெஸ்டர். ஒரு பருத்தியும் ஒரு பாலியெஸ்டரும் சேர்ந்தது ஒரு ஜோடி. வீட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு ஜோடி, சாணி உரம் போட்ட தோட்டத்திலோ கரிசலிலோ ஒரு ஜோடி, ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். அந்த இடத்தில் குச்சி நட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை இரண்டு குழிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மாதம் ஆனதும் கையுறை போட்டு, இரண்டு குழியையும் ஒரே நாளில் தோண்டுங்கள். ஒன்றை இன்றைக்கும் மற்றொன்றைப் பத்து நாள் கழித்தும் தோண்டினால் எது மண்ணின் வேலை, எது நாட்களின் வேலை என்று சொல்ல முடியாமல் போய்விடும்.